சேரப்போகிற நாடு

கண்ணாடிக் கதவு விலகி ஆரூரன் வெளியே வந்தபோது தாட்சாயினியின் கண் முதலில் போய் நின்றது அவனுடைய பெட்டியில்தான். சின்னப் பெட்டி. விமானத்தில் தலைக்கு மேலே வைக்கிற அளவு. மாசி மாதத்தில் மொன்றியலுக்கு வருகிறவன், இனி இங்கேயே இருக்கப்போகிறவன், ஒரு தடித்த கோட்டைக்கூட மடித்து வைக்க முடியாத பெட்டியோடு வருவானா என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் அவன் கிட்டே வந்துவிட்டான். மெலிந்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. சிரித்தபோது அதே ஆள். பெட்டி மறந்துபோனது, அல்லது மறந்ததாக அவள் வைத்துக்கொண்டாள்.

றொஷினிக்கு மூன்று வயது முடிந்திருந்தது. தகப்பனை அவள் நேரில் கண்டதில்லை. தாட்சாயினி அவளை முன்னே தள்ளி, "அப்பா வந்திட்டார், பாருங்கோ" என்றபோது, பிள்ளை தலையைக் குனிந்து தாயின் கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தது. அப்பா இருக்கிற இடம் அதுதான். திரை கறுப்பாக இருந்தது. பிறகு எதிரே முழங்காலில் இருந்த மனிதனை நிமிர்ந்து பார்த்து, கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில் அந்நியருக்குப் பிரெஞ்சில் வணக்கம் சொல்லப் பழக்கியிருந்தபடி, "பொன்ஜூர் மெசியூ" என்றது.

ஆரூரன் உரக்கச் சிரித்தான். காரோடு வந்திருந்த தாட்சாயினியின் தமையன் பிருந்தனும் சிரித்தார். "பரவாயில்லை மச்சான், இரண்டு கிழமையில எல்லாம் சரிவரும். இனியென்ன, இஞ்சதானே" என்று ஆரூரனின் முதுகில் தட்டினார். ஆரூரன் பிள்ளையின் கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது யாழ்ப்பாணத்தில், கொரோனா அடங்கி விமானங்கள் பறக்கத் தொடங்கிய காலத்தில். தாட்சாயினி இரண்டு மாதம் லீவு எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது வயிற்றில் றொஷினி. வந்த கையோடு அவனைக் கனடாவுக்கு எடுக்க ஸ்பொன்சர் பேப்பர் போட்டாள். அது ஒருமுறை ஏதோ ஒரு சான்றிதழ் காலாவதியாகிவிட்டதென்று திரும்பி வந்தது. மறுபடி போட்டாள். மொன்றியல் இருக்கிற கியூபெக் மாகாணம் இந்த வருடத்துக்கு இவ்வளவு பேர்தான் என்று கதவைச் சாத்தியது. நடுவிலே விசிற்றர் விசாவுக்கு இரண்டு தரம் முயன்றார்கள். இரண்டு தரமும், இவர் திரும்பிப் போவார் என்று நம்புவதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று வந்தது. அந்தக் காலத்தில்தான் ஊரில் பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் வரிசை. ஆரூரன் வேலைசெய்த ஹோட்டல் மூடப்பட்டது. கொழும்பில் ஒரு முகவர் மூலம், பெயரே முன்பு கேள்விப்படாத மொண்டெநீக்ரோ என்ற நாட்டுக்கு, புத்வா என்ற கடற்கரைப் பட்டினத்துக்கு, சமையல் வேலைக்குப் போனான். "ஒரு வருசம், கூடினா ஒன்றரை. அதுக்குள்ள உம்மட பேப்பர் வந்திடும்" என்று போகும்போது சொன்னான். ஹோட்டல் ஊழியர் விடுதியில் ஒரு அறைக்கு ஆறு பேர். கைக்குழந்தையோடு அவள் அங்கே போகவும் வழியில்லை.

மூன்றாவது தரம் விசிற்றர் விசா கிடைத்துவிட்டது. அந்த நாட்டின் வதிவிட அட்டையும் ஹோட்டல்காரர் கொடுத்த கடிதமும் இணைத்திருந்தார்கள். இவன் திரும்பிப் போவான் என்று இப்போது நம்பினார்கள். அந்த நாளில் பிருந்தன் வீட்டில் கேக் வெட்டினார்கள். விசா என்பது உள்ளே வருவதற்கு, வந்தபிறகு என்ன செய்வதென்று நமக்குத் தெரியாதா என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

முதல் வாரம் நன்றாகவே போனது. தாட்சாயினியின் வீடு பார்க் எக்ஸ்டென்ஷனில், வெளிப்படிக்கட்டு ஏறிப் போகிற மூன்றாம் மாடி. அவள் வேலைசெய்கிற கார்டெரியிலேயே பிள்ளையும் இருந்ததால் காலையில் இருவரும் சேர்ந்து போவார்கள். பின்னேரம் படியேறும்போதே வாசம் வந்து முகத்தில் படும். ஆரூரன் சமைத்து முடித்திருப்பான். மீனை முழுதாக, உப்பும் ஒலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் மட்டும் போட்டு வேகவைத்து, நடுமுள்ளை ஒரே இழுப்பில் உருவிவிட்டுப் பிள்ளைக்கு ஊட்டுவான். படிகளில் உறைந்திருந்த பனியை அவன்தான் உப்புப் போட்டுக் கொத்திவிட்டிருப்பான். நான்காம் நாள் றொஷினி அவன் மடியில் ஏறி உட்கார்ந்து அவனுடைய மூக்கைத் திருகினாள். அவன் ஒவ்வொரு விரலாக மடக்கி யெடன், த்வா, த்ரி என்று எண்ணிக் காட்டினான். பிள்ளை அதை உடனே பிடித்துக்கொண்டது. தாட்சாயினிக்கு அது பாட்டுப்போலக் கேட்டது. என்ன மொழி என்று கேட்கத் தோன்றவில்லை.

அவளைக் குடையத் தொடங்கியது ஒரு சின்னச் சொல். 'அங்க.' கல்யாணம் கட்டிய புதிதில் அவன் வாயில் 'அங்க' என்றால் கனடா. பிறகு தொலைபேசியில் 'அங்க' என்றால் யாழ்ப்பாணம். இப்போது, அவளுடைய சமையலறையில் நின்றுகொண்டு "அங்க தக்காளி இப்பிடித் தண்ணியா இருக்காது" என்றபோது, அவன் எந்த இடத்தைச் சொல்கிறான் என்று அவளுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது.

சனிக்கிழமை பால் வாங்குவதற்காக மூவரும் மூலையிலிருந்த டெப்பனர் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் வங்காளி. வருகிற எல்லோருக்கும் சொல்வதுபோல "பொன்ஜூர்" என்றார். ஆரூரன் சட்டென்று, புத்வாவில் வணக்கம் சொல்கிற மாதிரி, "டோபர் டான்" என்றான். சொல்லிவிட்டதுகூட அவனுக்குத் தெரியவில்லை, பாலின் திகதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைக்காரர் ஆர்வமாகி, நீங்கள் எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்டார். "மொண்டெநீக்ரோ" என்றான் ஆரூரன். அவர் அவனையும் தாட்சாயினியையும் மாறிமாறிப் பார்த்தார். "அது ஐரோப்பாதானே? யூனியனில் இருக்கிறதா?" என்றார். ஆரூரன் முகம் மலர்ந்து, கெதியில் என்று ஆங்கிலத்தில், "சூன்" என்றான்.

வெளியே வந்து பாதித் தெரு போயிருந்தார்கள். நடைபாதையின் இரு பக்கமும் இடுப்பளவு பனிக்குவியல். றொஷினி அதில் கையுறையால் ஓட்டை போட்டுக்கொண்டு வந்தாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"எப்பிடி?"

"மொண்டெநீக்ரோ எண்டு."

"எங்கயிருந்து வந்தனீர் எண்டுதானே அவன் கேட்டவன். அங்கயிருந்துதானே வந்தனான்."

அதில் பிழை பிடிக்க எதுவுமில்லை.  ஆனால் அந்த 'சூன்' காதுக்குள் இருந்துகொண்டே இருந்தது. அவளுடைய ஸ்பொன்சரைப் பற்றி யாராவது கேட்டால் இந்த நான்கு வருடமும் அவள் சொல்லிவந்த அதே சொல். அவள் அதைச் சொல்லும்போது தலை தானாகக் குனியும். அவன் நிமிர்ந்து நின்று சொல்லியிருந்தான்.

அன்றைக்கே கேட்டுவிட்டாள். பிள்ளை மத்தியான நித்திரை. அவன் கழுவுதொட்டியில் மீன் செதில் உரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை லோயரோட கதைச்சிட்டாராம். இஞ்ச இருந்தே பேப்பர் போடலாமாம். பக்கத்து மாகாணம் ஒன்ராறியோவில ஒரு விலாசம் இருந்தா இன்னும் கெதியாம். கோர்ன்வோலில அவற்றை சிநேகிதற்றை வீடு இருக்கு. நீங்கள் ரிக்கெட்டை மட்டும் மாத்தினாச் சரி."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். கையைக் கழுவித் துடைத்தான். நேரம் எடுத்துக்கொண்டான்.

"நான் ரிக்கெட் மாத்தேல்லை, தாட்சா. வியாழக்கிழமை போறன்."

எதிர்பார்த்திருந்தாள் என்பதை அந்த நிமிடத்தில்தான் அவள் உணர்ந்தாள். விமான நிலையத்தில் அந்தப் பெட்டியைக் கண்ட கணத்திலிருந்தே அது அவளுக்குத் தெரியும்.  கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

அவன் சொன்னான். தொடர்ந்து ஐந்து வருடம் வேலை அனுமதியோடு இருந்தால் அந்த நாட்டில் நிரந்தர வதிவிடம். அவனுக்கு அது 2028இல் முடிகிறது. அதே 2028இல்தான் அந்த நாடும் ஐரோப்பிய யூனியனில் சேரப்போவதாகச் சொல்கிறார்கள். இடையில் நீண்ட காலம் வெளியே நின்றால் போனதெல்லாம் வீண், முதலிலிருந்து தொடங்கவேண்டும். "ஹோட்டலில இப்ப மீன் பக்கம் முழுக்க என்ரை பொறுப்பு. என்ரை கைக்குக் கீழ நாலு பேர். அந்த ஊர்ப் பெடியங்கள். என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்கள், ஆனா நான் சொன்னாச் செய்வாங்கள்."

"அந்த நாடு சேருமெண்டு என்ன நிச்சயம்?"

"நிச்சயம் இல்லை."

"பேந்து?"

அவன் சிரிக்க முயன்றான். "முப்பத்து மூண்டு அத்தியாயமாம். ஒவ்வொண்டா முடிக்கவேணும். நீதிமன்றம், மீன்பிடி, குப்பை கொட்டுற முறை, எல்லாத்துக்கும். போன மார்கழியில ஒரேயடியாக் கொஞ்சத்தை முடிச்சவங்கள். அண்டைக்குக் குசினியில ஒருத்தரும் வேலை செய்யேல்லை, கிரிக்கெற் பாக்கிற மாதிரி ஃபோனைப் பாத்துக்கொண்டு நிண்டவை. என்னோட ஒரு கிழவன் வேலை செய்யிறான். அவன் இதை நம்பிறேல்லை. விண்ணப்பம் போட்டு எத்தினை வருசம், எனக்குத் தலைமயிர் எல்லாம் போயிட்டுது எண்டுவான். ஆனா அவனும் ஃபோனைப் பாத்தவன்."

"நாங்களும் விண்ணப்பம் போட்டுத்தான் இருக்கிறம்" என்றாள் அவள். "உங்களுக்கு அந்த நாட்டிற்றை பேப்பரில இருக்கிற அக்கறை என்ரை பேப்பரில இல்லை."

அது அவனைத் தைத்தது. சன்னல் பக்கம் திரும்பினான். எதிர்வீட்டு மாடியில் ஒரு பெண் உறைந்த துணிகளைக் கொடியிலிருந்து பலகை பலகையாகக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"உம்மட பேப்பர் வந்தா நீர் ஒரு கையெழுத்து வைக்கவேணும், தெரியுந்தானே? மூண்டு வருசம் இவருக்குச் சாப்பாடு, உடுப்பு, வீடு எல்லாம் என்ரை பொறுப்பு எண்டு. நான் அதை வாசிச்சனான். திருப்பித் திருப்பி வாசிச்சனான். நீர் சந்தோசமா வைப்பீர், எனக்குத் தெரியும். எனக்குத்தான் அது..." முடிக்கவில்லை. வேறு பக்கமிருந்து தொடங்கினான். "நான் இதுவரைக்கும் எல்லாத்துக்கும் காத்துக்கொண்டு இருந்தனான். சண்டை முடியக் காத்திருந்தனான். முகாமில இருந்து விடக் காத்திருந்தனான். பேந்து உம்மட பேப்பர். அங்கயும் காத்துக்கொண்டுதான் இருக்கிறன், இல்லையெண்டேல்லை. ஆனா அங்க ஊர் முழுக்க என்னோட சேந்து காத்துக்கொண்டு நிக்குது. தனிய இல்லை."

"நான்? நான் தனிய இல்லையோ?"

 அவன் மெதுவாக, அவளுடைய முகத்தைப் பாராமல், "நீங்கள் இரண்டு பேரும் அங்க வாங்கோவன்" என்றான்.

"நான் அங்க வந்து என்ன செய்யிறது?"

"கடல் இருக்கு. பிள்ளைக்கு நல்லது. வந்தா எல்லாம் சரிவரும்."

அவள் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டாள். பிள்ளையின் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கோபத்தில் வாய்க்குள் அவனைத் திட்டினாள். வந்தால் எல்லாம் சரிவரும். இதென்ன பேச்சு? பத்து வருடமாக அவள் சேர்த்த வேலை, அவளைத் தேடி ஓடிவருகிற முப்பது பிள்ளைகள், பிரெஞ்சு, இந்த மூன்றாம் மாடி. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வா, கடல் இருக்கிறது. திட்டித் திட்டி ஓய்ந்தபோது, வேறொரு குரல் கேட்டது. அவளுடைய குரல்தான். நான்கு வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துச் சொன்னது. 'நீங்கள் வாங்கோ, வந்தா எல்லாம் சரிவரும்.' வந்து என்ன செய்வது என்று அவன் ஒருமுறை கேட்டிருக்கிறான். அண்ணை பார்த்துக்கொள்வார் என்று சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ரொக்ஸ்பரோவில் பிருந்தன் வீட்டில் விருந்து. பிருந்தன் அகதியாக வந்து, கோப்பை கழுவி, இப்போது கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுக்கிற ஒரு மண்டபம் வைத்திருக்கிறார். தாயைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர் அவர். பதினொரு வயதில் தாட்சாயினியைக் கூப்பிட்டவரும் அவர். பிறகு மனைவி கஜந்தினியை, கஜந்தினியின் தம்பிமாரை. தாய் போன வருடம் இறந்தபோது, நான் கூப்பிட்ட ஒருத்தரையும் நடுத்தெருவில் விட்டதில்லை என்று செத்தவீட்டில் அழுதவர். தங்கையின் புருசனையும் அப்படி ஏற்றிவிட வேண்டும் என்பது அவருக்கு ஒரு நேர்த்திக்கடன் மாதிரி. தாட்சாயினி அவரிடம் வியாழக்கிழமையைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஆரூரன்தான் சொல்லவேண்டும் என்று விட்டுவிட்டாள். நண்டுக்கறியும் புட்டும் பரிமாறி முடிந்ததும் பிருந்தன் தொடங்கினார்.

"நாளைக்குப் பத்து மணிக்கு லோயர். பேந்து வாற சனி எங்கட மண்டபத்தில ஒரு பெட்டைக்குச் சாமத்தியவீடு. நீ வந்து குசினியைப் பார் மச்சான். உனக்குப் பிடிச்ச மாதிரி மாத்தலாம்."

ஆரூரன் கையைக் கழுவாமல், காய்ந்த விரல்களோடு உட்கார்ந்திருந்தான். "மச்சான், நான் வியாழக்கிழமை திரும்பிப் போறன்."

பிருந்தன் முதலில் சிரித்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். அவள் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திரும்பி எண்டா? யாழ்ப்பாணமோ?"

"இல்லை. புத்வாவுக்கு."

"அந்த நாடு எங்க இருக்கெண்டு ஆருக்கடா தெரியும்? சேர்பியாவோட சண்டை பிடிச்சுப் பிரிஞ்சதுகளில ஒண்டுதானே?"

"சண்டை பிடிக்கேல்லை. வாக்குப் போட்டுப் பிரிஞ்சவை. 2006இல. நூற்றுக்கு ஐம்பத்தைஞ்சு வேணுமெண்டு சொன்னவங்கள், அதைவிட மயிரிழை கூட விழுந்தது. இரண்டு கிழமையில அறிவிச்சிட்டினம். ஒரு வெடி இல்லை."

 2006இல் தங்கள் ஊரில் மறுபடி சண்டை மூண்டதை அங்கிருந்த நால்வரில் யாரும் மறந்திருக்கவில்லை. முள்ளிவாய்க்கால் நாட்களில் பிருந்தன் ஒட்டாவாவில் பாராளுமன்றத்துக்கு முன்னால் பட்டினி கிடந்தவர். ஆரூரன் அந்த நாட்களில் அந்த மணலில் கிடந்தவன். ஒரு வெடி இல்லை என்ற சொல் இருவருக்கும் இடையில் கிடந்தது. கஜந்தினி எழுந்து தண்ணீர் ஊற்றினாள்.

"எங்களை விடச் சின்னச் சனம், மச்சான்" என்றான் ஆரூரன், தாழ்ந்த குரலில். "ஆறு லட்சம் பேர்."

"சரி, பிரிஞ்சிட்டினம்" என்றார் பிருந்தன். குரல் கரகரத்தது. "பேந்தேன் இன்னொண்டோட போய்ச் சேரக் கியூவில நிக்கினம்?"

"நானும் கேட்டனான். ஆரின்ரை வீட்டில சேர்றது எண்டதைத் தாங்கள்தான் முடிவெடுக்கவேணுமாம். அதுக்குத்தானாம் பிரிஞ்சது."

அதை அவன் வேறொரு பொருளில் சொல்லவில்லை. ஆனால் பிருந்தனுக்கு அது தன் வீட்டு மேசையில் வைத்துத் தன் முகத்துக்குச் சொன்னதாகப் பட்டது. கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"ஓ! எங்கட வீடு வேண்டாம் எண்டு சொல்லுறாய். எத்தினை பேர் இந்த நாட்டுக்கு வரக் கடலில செத்தவங்கள் தெரியுமோ? உனக்குக் கதவைத் திறந்து வச்சிருக்க நீ திரும்பிப் போறாய். விசா தந்த வெள்ளைக்காரன் நம்பினவன் நீ திரும்பிப் போவாயெண்டு. நாங்கள்தான் நம்பேல்லை! என்ரை தங்கச்சி நாலு வருசமா ஒரு ஃபோனோட குடும்பம் நடத்துறாள். நாளைக்கு அந்தச் சின்னன் உன்னைக் கேட்டா நான் என்ன சொல்லுறது? அப்பா ஒரு நாடு சேர்றதைப் பாக்கப் போட்டார் எண்டோ?"

"அண்ணை" என்றாள் தாட்சாயினி.

"நீ சும்மா இரு. உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம். தெரியும்."

பிருந்தன் தங்கைப் பக்கம் திரும்பினார். அவளைப் பதினொரு வயதில் முதல்நாள் பள்ளிக்கூடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனவர். இப்போது அவளையும் ஆரூரனையும் ஒரே பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. அவள் ஆரூரன் பக்கமும் இல்லை. அதை எப்படிச் சொல்வது? மூலையில் விளையாடிக்கொண்டிருந்த றொஷினி அழத் தொடங்கினாள். "மச்சாள், பிள்ளையைக் கொஞ்சம் வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ. இவருக்குப் பிரசர்" என்றாள் கஜந்தினி. பிறகு, ஆரூரனிடம் கோபமில்லாத குரலில், "தம்பி, இவற்றை பூட்ஸைப் போடுங்கோ. உங்கட சப்பாத்து இதுக்குச் சரிவராது" என்றாள்.

தெரு முடிகிற இடத்தில் ஆறு. வெயில் நன்றாக எறித்தது, சூடு மட்டும் இல்லை. ஆறு கரையிலிருந்து கரைவரை உறைந்து, மேலே பனி படிந்து, ஒரு வெள்ளை வயல் மாதிரிக் கிடந்தது. நடுவில் இரண்டு மரக்கூடாரங்கள், அவற்றுக்கு வெளியே மடக்குக் கதிரைகளில் மீன்பிடிக்கிற ஆட்கள். பனிவண்டிகள் போன தடங்கள். றொஷினி அழுகையை மறந்து கையை உதறிக்கொண்டு பனிக்கட்டியில் இறங்கி ஓடினாள். தாட்சாயினியும் பின்னால் இறங்கினாள். பத்துப் பன்னிரண்டு அடி போய்த் திரும்பிப் பார்த்தபோது ஆரூரன் கரையில் நின்றான்.

"இதுக்குக் கீழ தண்ணி ஓடுதோ?"

"ஓடும்."

"தாங்குமெண்டு எப்பிடித் தெரியும்?"

"மற்ற ஆக்கள் நடக்கினம்."

அவன் அசையவில்லை. வள்ளத்தில் பிறந்தவன் மாதிரிக் கடலில் குதிக்கிறவன், அவளுக்குத் தெரியும். ஆனால் நிற்கிற தண்ணீரை அவன் நம்பமாட்டான் போலிருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"என்ரை பேப்பரை நான் திருப்பி எடுக்கமாட்டன்" என்றாள், அவனுக்குக் கேட்கும்படி உரத்து. "அது கிடக்கட்டும். வந்தா வரட்டும்."

"எடுக்கச் சொல்லி நான் சொல்லேல்லை, தாட்சா."

"ஆடி மாசம் கார்டெரி இரண்டு கிழமை பூட்டு. நான் வந்து பாக்கிறன். இருக்கிறதுக்கு வாறன் எண்டு சொல்லேல்லை. விளங்குதே? வந்து பாக்கிறன். நீங்கள் ஆறு பேரோட படுக்கிற அறையில நான் படுக்கமாட்டன்."

"நான் அறை எடுக்கிறன்."

"அந்த நாடு சேராட்டி?"

அவன் வாயைத் திறந்தான். வெண்ணிற ஆவி மட்டும் வந்தது. அவள் அவனுடைய பதிலுக்காகக் காத்திருந்தாள். ஒரு பொய்யாவது சொல்வான் என்று பார்த்தாள். அவன் சொல்லவில்லை. அதற்காக அவன்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்குள்ளேயே எங்கோ ஒரு மூலையில், பொய் சொல்லாததற்காக ஒரு நிம்மதியும் இருந்தது. வியாழக்கிழமை விமான நிலையத்துக்கு யார் கூட்டிப்போவது, அண்ணையிடம் எப்படிக் கேட்பது, றொஷினி மறுபடி தொலைபேசியைப் பார்த்து என்ன சொல்வாள் என்று அடுக்கடுக்காக நினைவு வந்தது. அவள் திரும்பி, நடுஆற்றைப் பார்த்து நடந்தாள். காற்று கண்ணில் அறைந்தது. நின்றால் அழுதுவிடுவாள்.

அப்போது அக்கரையிலிருந்து ஒரு சத்தம் புறப்பட்டது. பெரிய மரக்கதவு ஒன்று இழுபடுவதுபோல் தொடங்கி, காலுக்குக் கீழே முழு ஆற்றின் நீளத்துக்கும் ஓடிப் போனது. குளிரில் பனிக்கட்டி இறுகும்போது வருகிற சத்தம். மீன்பிடிக்கிறவர்கள் தலையைக்கூடத் திருப்பவில்லை. தாட்சாயினி சிறுவயதிலிருந்து கேட்டுப் பழகியவள், அப்படியிருந்தும் அவளும் நின்றுவிட்டாள். திரும்பிப் பார்த்தாள்.

றொஷினி கரையோரம் குப்புறப் படுத்துக் கிடந்தாள். பனியைக் கையுறையால் விலக்கிவிட்டு, தொப்பியைத் தூக்கி, காதைப் பனிக்கட்டியில் வைத்திருந்தாள். ஒரு கையை நீட்டிக் கரையில் நின்றவனைக் கூப்பிட்டாள். ஆரூரன் முதலில் முழங்காலில் இருந்தான். பிறகு கையை ஊன்றி, மெல்ல மெல்ல, முழு உடம்பையும் பனியில் சாய்த்தான். பிருந்தனின் பெரிய பூட்ஸுகள் இரண்டும் கரைப்பனியில் புதைந்திருக்க, நெஞ்சும் தலையும் ஆற்றின்மேல் கிடக்க, பிள்ளையின் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்துத் தானும் காதைக் கொடுத்தான். இருவரும் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு பிள்ளை ஏதோ கேட்டது. அவன் ஏதோ சொன்னான். தாட்சாயினி நின்ற இடத்துக்கு அது எந்த மொழி என்று கேட்கவில்லை.